பாட்டியின் பஞ்சாரமும் பறவைக் காய்ச்சலும்: ஒரு நீண்ட இழை

1/
"டாக்டர் தம்பி, கோழிக்கு வச்ச தண்ணில காக்கா வந்து வாய வைக்குது. அத அண்ட விடக்கூடாதுன்னு டிவில சொல்றாங்க. காக்காவ வெரட்டுனா பாவமில்லையா?"

பிபி பார்க்க வந்த ஒரு பாட்டி கேட்ட கேள்வி இது. வெளியே கூட்டம் நின்றதால் "தண்ணிய மூடி வைங்க பாட்டி" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் பொறுமையாகப் பேசலாம் என்றுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். வாங்க.

2/
கோழி வளர்த்த எல்லா வீட்டிலும் பஞ்சாரம் இருந்தது. தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் அதற்குள் விட்டுக் கவிழ்த்துவிடுவார்கள். பருந்தும் காக்காவும் குஞ்சைத் தூக்கிவிடக் கூடாது என்பதுதான் காரணம். ஆக, காட்டுப் பறவைக்கும் வீட்டுக் கோழிக்கும் நடுவே தடுப்பு வைப்பது நமக்குப் புதுசு இல்லை.

ஆனால் பாட்டிமார் பயந்தது வானத்திலிருந்து இறங்கும் நகத்துக்கு. குளத்தில் அமைதியாக நீந்திவிட்டுப் போகும் வாத்தின் எச்சத்துக்கு யாரும் பயந்ததில்லை. விஞ்ஞானிகளும்தான்! அவர்களுக்கே அது புரிய 1970கள் வரை ஆனது.

3/
முதல் காட்சி, 1878, வடக்கு இத்தாலி. பண்ணைக் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. எடோர்டோ பெரொன்சிட்டோ என்ற ஆராய்ச்சியாளர் அந்த நோயைப் பதிவு செய்கிறார். அப்போது அதற்குப் பெயர் "கோழிக் கொள்ளைநோய்".

1901-ல் சென்டானி, சவனூசி என்ற இரண்டு இத்தாலியர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பாக்டீரியாவைத் தடுத்துவிடும் நுண்ணிய வடிகட்டியில் ஊற்றினாலும் இந்த நோயின் கிருமி கீழே இறங்கிவிடுகிறது. அதாவது பாக்டீரியாவை விடச் சின்னது. இன்று அதை வைரஸ் என்கிறோம். அன்று அது என்னவென்றே யாருக்கும் தெரியாது.

4/
அதே 1901-ல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் ஒரு கோழிக் கண்காட்சி. அங்கே இந்த நோய் புகுந்துவிட்டது. பதறிப்போன அமைப்பாளர்கள் என்ன செய்தார்கள்? கண்காட்சியை மூடிவிட்டு, "அவரவர் கோழியை அவரவர் வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

அவ்வளவுதான். நோய் ஜெர்மனி முழுக்கப் பரவியது. நாட்டின் எல்லா மூலைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போனது மனிதனின் கூடை. காட்டுப் பறவைக்கு இதில் பங்கே இல்லை. இதை மனசில் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

5/
அடுத்த ஐம்பது வருஷம் இதைக் கோழிக்கு மட்டுமே உரிய நோய் என்று நினைத்தார்கள். 1955-ல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் வெர்னர் ஷேஃபர் ஒரு குண்டைப் போட்டார். கோழிக் கொள்ளைநோய் வைரஸ் இன்ஃப்ளூயன்ஸா 'ஏ' வகையைச் சேர்ந்தது என்று நிரூபித்தார்.

மனிதர்களுக்கு வரும் ஃப்ளூ காய்ச்சலின் சொந்தக்கார வைரஸ்! 1918-ல் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்களைக் கொன்ற காய்ச்சலும் அதே குடும்பம்தான். கால்நடை மருத்துவர்களின் பிரச்சினை அன்றிலிருந்து எங்கள் பிரச்சினையும் ஆனது.

6/
சரி, காட்டுப் பறவை இந்தக் கதைக்குள் எப்போது வருகிறது? 1961. தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் ஆலாக்கள் கொத்துக் கொத்தாகச் செத்து ஒதுங்கின. பரிசோதித்தால் உள்ளே இன்ஃப்ளூயன்ஸா வைரஸ். காட்டுப் பறவையில் இந்த வைரஸைப் பிரித்தெடுத்தது அதுதான் முதல் முறை.

பிறகு ராபர்ட் வெப்ஸ்டர், கிரேம் லேவர் என்ற இருவர் ஆஸ்திரேலியக் கடற்பறவைகளில் தேட ஆரம்பித்தார்கள். 1970களின் தொடக்கத்தில் நோயே இல்லாத ஒரு கடற்பறவையிடமும் வைரஸ் கிடைத்தது. 1976 முதல் கனடாவின் ஆல்பர்ட்டா ஏரிகளில் காட்டு வாத்துகளைப் பரிசோதித்தபோது பல இளம் வாத்துகளிடம் அது இருந்தது. எல்லாம் ஜம்மென்று நீந்திக்கொண்டிருந்த வாத்துகள்.

7/
இங்கே ஒரு சின்ன மருத்துவப் பாடம். நமக்கு ஃப்ளூ வந்தால் மூக்கு, தொண்டை, நுரையீரல். வாத்துக்கு? குடல். வைரஸ் அதன் குடலில் பெருகி எச்சத்தோடு வெளியே வருகிறது. வாத்துக்குச் சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை.

எச்சம் விழுவது தண்ணீரில். குளிர்ந்த நீரில் இந்த வைரஸ் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூடத் தாக்குப்பிடிக்கும். ஆல்பர்ட்டாவில் ஏரித் தண்ணீரிலிருந்தே வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கும் அடுத்த வாத்துக்கு அது போகும். அப்படித்தான் காலம் காலமாக வாத்தும் வைரஸும் சண்டை இல்லாமல் குடும்பம் நடத்தி வந்தன.

8/
இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன் என்று கேட்கலாம். 1957-லும் 1968-லும் உலகம் முழுக்கப் பரவிய இரண்டு ஃப்ளூ கொள்ளைநோய்களின் வைரஸ்களிலும் பறவை வைரஸிலிருந்து வந்த மரபணுக்கள் இருந்தன.

அதாவது வாத்தின் குடலில் இருப்பது என்றைக்காவது நம் நுரையீரலுக்கு வரலாம். நடுவில் ஒரு பாலம் வேண்டும். வாத்தோடு தண்ணீரையும் நம்மோடு முற்றத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும் பிராணி எது? கோழி.

9/
கோழிக்குள் என்ன நடக்கும் என்பதை உலகம் கண்ணெதிரே பார்த்த இடம் அமெரிக்காவின் பென்சில்வேனியா. 1983 ஏப்ரலில் அங்குள்ள பண்ணைகளில் எச்5என்2 என்ற வைரஸ் வந்தது. பெரிய ஆபத்து இல்லை. முட்டை குறைந்தது, சில கோழிகள் செத்தன. "லேசான காய்ச்சல்தானே" என்று விட்டுவிட்டார்கள்.

ஆறு மாதம் அது கோழிக்குக் கோழி தாவியது. அக்டோபரில் அதே வைரஸ் கொலைகாரனாக மாறியது. வைரஸின் மேல்புரதத்தில் நடந்த மிகச் சிறிய மரபணு மாற்றம் ஒன்றே அதற்குப் போதுமானதாக இருந்தது. நோயை நிறுத்த சுமார் 1.7 கோடி பறவைகளைக் கொல்ல வேண்டிவந்தது.

10/
இந்தக் கதையின் திருப்புமுனை இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படிங்க.

பொதுவாகக் காட்டு வாத்து கொடுப்பது சாதுவான வைரஸ். அந்த எச்5, எச்7 வகைகள் கொடூரமாக மாறுவது பெரும்பாலும் நெருக்கமாக அடைத்து வளர்க்கப்படும் கோழிக் கூட்டத்தில். ஒரு ஷெட்டில் ஆயிரக்கணக்கான கோழிகள், ஒரே வயது, ஒரே ரகம். வைரஸுக்குப் பயிற்சி மைதானம் மாதிரி. தாவத் தாவ மாறும், மாற மாறத் தாவும்.

ஆகவே தடுப்பு என்பது "அழுக்கான காட்டுப் பறவை"க்கு எதிரான சுவர் என்று நினைத்தால் பாதிக் கதைதான் புரிந்தது.

11/
இப்போது ஹாங்காங். 1997 மே மாதம் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் காய்ச்சலில் இறந்தான். அவனிடம் எடுத்த வைரஸ் வழக்கமான எந்த ஃப்ளூவோடும் பொருந்தவில்லை. வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். ஆகஸ்டில் விடை வந்தது: எச்5என்1. அதுவரை மனிதர்களுக்கு வந்ததாகப் பதிவே இல்லாத பறவை வைரஸ்.

நவம்பர், டிசம்பரில் மேலும் 17 பேருக்கு வந்தது. மொத்தம் 18 பேர், 6 மரணம். மூன்றில் ஒருவர்! மருத்துவர்களுக்குத் தூக்கம் போன மாதங்கள் அவை.

12/
எங்கிருந்து வந்தது? உயிர்க்கோழிச் சந்தையிலிருந்து. நம்ம ஊர் கறிக்கடை மாதிரிதான். கோழி, வாத்து, காடை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூண்டில். மேல் கூண்டின் எச்சம் கீழ்க் கூண்டின் தீவனத்தில் விழும். பரிசோதித்த சந்தைக் கோழிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றிடம் வைரஸ் இருந்தது.

அதன் மூதாதை 1996-ல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் பண்ணைப் பெருவாத்து ஒன்றிடம் கிடைத்தது. காடை போன்ற மற்ற பறவைகளின் வைரஸ்களோடு மரபணுக்களை மாற்றிக்கொண்டு அது ஹாங்காங் வந்து சேர்ந்திருந்தது.

13/
1997 டிசம்பர் கடைசியில் ஹாங்காங் அரசு கடுமையான முடிவெடுத்தது. ஊரிலிருந்த அத்தனை கோழிகளையும், சுமார் 15 லட்சம், சில நாட்களில் கொன்றார்கள். மனிதர்களுக்கு வருவது அத்தோடு நின்றது.

அதற்குப் பிறகு செய்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். வாத்தையும் கோழியையும் ஒரே சந்தையில் உயிரோடு விற்பதை நிறுத்தினார்கள். 2001 முதல் மாதத்தில் ஒரு நாள் எல்லாக் கடைகளையும் காலி செய்து கழுவி விடுமுறை விட்டார்கள். 2006-ல் வீட்டில் கோழி வளர்ப்பதையே தடை செய்தார்கள்.

முதல் இரண்டும் நீர்ப்பறவைக்கும் கோழிக்கும் நடுவே போட்ட வேலி. மூன்றாவது, வேலி போட முடியாது என்று கைவிட்ட முடிவு. நம்ம பாட்டிக்கு அது வரக்கூடாது என்பதே என் ஆசை.

14/
2005. சீனாவின் சிங்காய் ஏரி. வலசை வந்த பட்டைத்தலை வாத்துகள் தலை திருகிச் சுழன்று விழுந்து செத்தன. ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் பலி.

வாத்துக்கு இந்த வைரஸ் ஒன்றும் செய்யாது என்றல்லவா பார்த்தோம்? இது வேறு. கோழிக் கூட்டத்தில் கொடூரமாகிப் போன வைரஸ் இப்போது காட்டுக்கே திரும்பியிருந்தது. நாம் வாங்கிய கடனை வட்டியோடு திருப்பிக் கொடுத்தோம். அதன் பிறகு அது சிறகு முளைத்துப் பறந்தது: ஐரோப்பா, மேற்காசியா, ஆப்பிரிக்கா.

15/
பட்டைத்தலை வாத்தை நெல்லைக்காரர்களுக்குத் தெரியும். இமயத்தைத் தாண்டி கூந்தன்குளம் வரைக்கும் வந்து போகும் விருந்தாளி அது. ஊர்மக்கள் காலம் காலமாகப் பாதுகாத்துவரும் குளம்.

உடனே "அய்யோ கூந்தன்குளம்" என்று பதற வேண்டாம். பறவை வருவது வேறு, நோய் வருவது வேறு. குளத்தில் இறங்கும் பறவையால் நேரடி ஆபத்து இல்லை. குளத்துத் தண்ணீரை அள்ளி வந்து கோழிக்கு வைத்தால், குளத்தில் மேயும் வளர்ப்பு வாத்தும் வீட்டுக் கோழியும் ஒரே கூட்டில் அடைந்தால், அங்கேதான் பாலம் உருவாகிறது.

16/
2005 ஆகஸ்டில் நெதர்லாந்து ஓர் உத்தரவு போட்டது: திறந்தவெளியில் மேயும் கோழிகளை எல்லாம் உள்ளே அடையுங்கள். அவர்களுடைய அனுபவம் கசப்பானது. 2003-ல் எச்7என்7 வந்து சுமார் 3 கோடி பறவைகளை இழந்திருந்தார்கள். 89 பேருக்குத் தொற்று, ஒரு கால்நடை மருத்துவர் மரணம்.

பிரிட்டனும் பின்னாளில் இதே வழிக்கு வந்தது. 2021 நவம்பர் 29 முதல் 2022 மே 2 வரை நாடு முழுக்கக் கோழிகளுக்கு வீட்டுச் சிறை. தோட்டத்தில் இரண்டு கோழி வைத்திருப்பவருக்கும் அதே சட்டம்.

17/
இதில் ஒரு வேடிக்கை. திறந்தவெளியில் மேயும் கோழியின் முட்டைக்கு அங்கே தனிப் பெயர், தனி விலை. கோழியை அடைத்துவிட்டால்? 16 வாரம் வரை அதே பெயரில் விற்கலாம், அதற்கு மேல் கூடாது என்பது அப்போதைய சட்டம். 2022 மார்ச் 21 அன்று அந்தக் கெடு முடிந்தது. அன்றிலிருந்து பிரிட்டன் கடைகளில் சில வாரங்களுக்கு "மேய்ச்சல் முட்டை" என்ற பெயரே இல்லாமல் போனது.

சிரிப்பாக இருந்தாலும் கேள்வி நியாயமானது. கோழிக்கு வெயிலும் மண்ணும் புழுவும் வேண்டும். அதை அடைத்தால் ஒன்றை ஒன்று கொத்தும். பாதுகாப்பா, சுதந்திரமா என்ற சண்டை கோழிக்கும் உண்டு.

18/
நம் நாட்டுக்கு வருவோம். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் எச்5என்1 முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அது வணிகப் பண்ணைகளில். 2008 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பரவியபோது அடி விழுந்தது ஏழைகளின் முற்றத்தில். லட்சக்கணக்கில் நாட்டுக்கோழிகளையும் வாத்துகளையும் கொன்றார்கள். கோழியை ஒளித்து வைத்தவர்கள் உண்டு. நஷ்ட ஈடு பத்தவில்லை என்று அழுதவர்கள் உண்டு.

அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. பள்ளிக்கூடச் செலவும் அவசர மருந்துச் செலவும் அந்த நாலு கோழியில்தான் இருக்கிறது.

19/
2014-ல் கேரளாவின் குட்டநாட்டு வாத்துகள். 2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காக்கைகள், இமாச்சலத்தின் பாங் அணையில் ஆயிரக்கணக்கில் பட்டைத்தலை வாத்துகள். அதே ஆண்டு ஜூலையில் எச்5என்1 தொற்றிய ஒரு சிறுவன் டெல்லியில் இறந்தான். இந்தியாவில் பதிவான முதல் மனித மரணம்.

2022-ல் பிரிட்டன் கடற்கரையோரங்களில் கேனட், ஸ்குவா என்ற கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் செத்தன. அவை யாருடைய கோழிக்கும் தீங்கு செய்யவில்லை.

பிரவுன்ஷ்வைக் கூடை ஞாபகம் இருக்கா? பறவைகளுக்கு மட்டுமா, கோழி லாரிக்கும் முட்டை அட்டைக்கும் நம்ம செருப்புக்கும்தான் இதில் பங்கு இருக்கிறது. தடுப்பு இரண்டு பக்கத்தையும் காப்பாற்றுகிறது. கோழியைக் காட்டுப் பறவையிடமிருந்து, காட்டுப் பறவையை நம் கோழியிடமிருந்து.

20/
ஒரு மருத்துவனாக எனக்குக் கவலை தருவது இது. 2003 முதல் 2024 வரை உலகில் 900-க்கும் மேற்பட்டவர்களுக்கு எச்5என்1 வந்ததாக உலக சுகாதார நிறுவனத்திடம் பதிவு. கிட்டத்தட்ட பாதிப் பேர் இறந்தார்கள். லேசாக வந்து போனவர்கள் கணக்கில் வராமல் இருக்கலாம். ஆனாலும் சாதாரண எண்ணிக்கை இல்லை.

கம்போடியாவில் 2023 முதல் தொற்றியவர்களில் குழந்தைகள் பலர். வீட்டில் நோய்வாய்ப்பட்ட, செத்த கோழியைத் தொட்டவர்கள், சமைத்த வீட்டுக்காரர்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் லூசியானாவில் இறந்தவரும், அந்த நாட்டின் முதல் எச்5என்1 மரணம், வீட்டில் கோழி வளர்த்தவர். காட்டுப் பறவைகளோடும் தொடர்பு இருந்தது.

மனிதரிடமிருந்து மனிதருக்கு இது எளிதாகத் தாவுவதில்லை. அதுதான் இன்றைய நிம்மதி. அந்த நிம்மதி நீடிக்க வேண்டுமானால் வைரஸுக்கு வாய்ப்பைக் குறைக்க வேண்டும்.

21/
இங்கே என் தவறையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல், மூச்சுத் திணறலோடு வருபவரிடம் நான் கேட்கும் கேள்விகள்: சுகர் இருக்கா? புகை பிடிப்பீங்களா? வெளியூர் போனீங்களா? இத்தனை வருஷத்தில் "வீட்ல கோழி இருக்கா? ஏதாவது செத்துச்சா?" என்று கேட்டதாக ஞாபகமே இல்லை. பாட்டி கேட்ட பிறகுதான் உறைத்தது. இப்போது கேட்கிறேன்.

நீங்களும் கேட்காமலே சொல்லுங்க. இதற்கான மருந்து காய்ச்சல் தொடங்கிய இரண்டு நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

22/
சரி, வீட்டில் கோழி வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்?

- தீவனமும் தண்ணீரும் கூரைக்கு அடியில் மட்டும். முற்றத்தில் இறைத்துப் போட்டால் காக்கா, புறா, மைனா எல்லாம் பந்திக்கு வரும்.
- வலை பறவையைத் தடுக்கும், எச்சத்தைத் தடுக்காது. தீனி வைக்கும் இடத்துக்கு மேல் தகரமோ தார்ப்பாயோ வேண்டும். பக்கவாட்டில் ஒரு அங்குலத்துக்கு மிகாத கண்ணுள்ள வலை.
- குளத்துத் தண்ணீர் வேண்டாம். குழாய் அல்லது கிணற்றுத் தண்ணீர், தினமும் மாற்றி.
- வாத்தும் கோழியும் தனித்தனிக் கூடு, தனித்தனித் தண்ணீர்.
- கோழிக்கூட்டுக்கு என்று ஒரு ஜோடி செருப்பு. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க.
- சந்தையில் வாங்கிய புதுக்கோழியை இரண்டு வாரமாவது தனியாக வைங்க.

23/
கோழிகள் திடீரென அடுத்தடுத்துச் செத்தால் வெள்ளைக்கழிச்சலாகவும் இருக்கலாம். ராணிக்கெட் நோய் என்று புத்தகத்தில் இருப்பது அதுதான். 1920களில் இமயமலை ஊரான ராணிக்கெட்டில் அடையாளம் காணப்பட்டதால் அந்தப் பெயர். அதற்குத் தடுப்பூசி உண்டு, கால்நடைத் துறை முகாம் நடத்தும்போது போட்டுவிடுங்க.

ஆனால் எது என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. வெறும் கையால் தொடாதீங்க, அறுக்காதீங்க, "வீணாப் போகுதே" என்று குழம்பு வைக்காதீங்க, வாய்க்காலில் வீசாதீங்க. கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்க. குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீங்க.

நன்றாக இருக்கும் கோழியையும் முட்டையையும் தாராளமாகச் சாப்பிடலாம். 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் உள்ளேயும் வெந்தால் வைரஸ் செத்துவிடும். நம்ம குழம்பு அதைத் தாண்டித்தான் கொதிக்கிறது.

24/
பாட்டி போன வாரம் மறுபடி வந்தார். இந்த முறை உட்காரவைத்துப் பேசினேன்.

"காக்காவ வெரட்ட வேண்டாம் பாட்டி. அதுக்கு வைக்கிற சோத்த எப்பவும் போல மொட்டை மாடில வைங்க. கோழித் தண்ணிய மட்டும் கூரைக்குள்ள கொண்டு போங்க. ரெண்டும் ஒரே தட்டுல சாப்பிடாம பாத்துக்கிட்டாப் போதும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப பஞ்சாரத்த தண்ணிச் சட்டிக்குப் போடணும்ங்கற" என்றார்.

நான் 24 பதிவில் சொன்னதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். பிபியும் நார்மல்.

கோழி வளர்க்கும் உறவுகளுக்கு இதை அனுப்புங்க. சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, தெரிந்ததைச் சொல்கிறேன்.